கிளவுட் ஒருங்கிணைப்புத் தளத்துக்கு எந்த உரிமம் வாங்குவது? யாழ்ப்பாண வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையக்கடை ஒரு மென்பொருளில் இருக்கிறது. களஞ்சியக் கணக்கு இன்னொன்றில் இருக்கிறது. கணக்காளர் வேறொன்றைப் பாவிக்கிறார். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை நான்காவது இடத்தில் இருக்கிறது. இந்த நான்குக்கும் இடையே தகவலை ஓடவிடுவதற்கு ஒரு கிளவுட் ஒருங்கிணைப்புத் தளத்தை வாங்கலாம் என்று முடிவெடுத்த பின்னர், விலைப்பட்டியலைத் திறந்த முதல் நிமிடத்திலேயே பலரும் திகைத்துப்போகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வலிகாமத்திலும் உள்ள நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் தலைமைக் கடை, சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கிளைகள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள், ஊரிலுள்ள பெற்றோருக்கு அரிசி, மா, பழங்கள், மருந்துப் பொருள்கள் என்று இணையத்தில் ஓடர் செய்கிறார்கள். நாளொன்றுக்கு 200 ஓடர்கள், மாதத்துக்கு 6,000. ஒவ்வோர் ஓடரிலும் சராசரியாக 12 பொருள்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கடையை வைத்தே போடப்பட்டவை.

உரிமம் என்று சொல்லும்போது நாங்கள் உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

முன்னர் கணக்கியல் மென்பொருள் வாங்கியபோது, ஒரு கணினிக்கு ஓர் உரிமம் என்று கொடுத்தோம்; அதற்குப் பின்னர் நாளுக்குப் பத்துப் பில் போட்டாலும் ஆயிரம் பில் போட்டாலும் செலவு ஒன்றுதான். ஒருங்கிணைப்புத் தளம் அப்படியல்ல. அது மின்சார மீற்றரைப் போன்றது. பாவித்த அளவுக்குக் கட்டணம் ஏறும், அல்லது ஓர் அளவை முன்கூட்டியே வாங்கி அதற்குள் நிற்க வேண்டும். ஆனால் மின்சாரத்தில் அலகு என்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே அலகுதான். இங்கேயோ ஒவ்வொரு வழங்குநரும் தனக்கென ஓர் அலகை வைத்திருக்கிறார், சில வேளைகளில் இரண்டு பேர் ஒரே பெயரை இரண்டு பொருளில் பாவிக்கிறார்கள். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னர், அந்த மீற்றர் எதை எண்ணுகிறது என்பதைக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்திலுள்ள மற்றப் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வழங்குநர்கள் எவற்றையெல்லாம் எண்ணுகிறார்கள்?

மைக்ரோசொஃப்டின் அஸூர் லொஜிக் அப்ஸ், பாவனைக்கேற்ற திட்டத்தில், வேலைப்பாய்ச்சலின், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நடக்கும் வேலைத்தொடரின், ஒவ்வொரு படியையும் எண்ணுகிறது. அதே தளத்தின் ஸ்டாண்டர்ட் திட்டம் உள்ளமைந்த படிகளை (தளத்துக்குள்ளேயே நடப்பவற்றை) விட்டுவிட்டு, ஒதுக்கிய செயலித்திறனுக்கும் நினைவகத்துக்கும் மணிக்கணக்கில் அறவிடுகிறது. ஓடர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஸேப்பியர் வெற்றிகரமாக முடிந்த செயல்களை டாஸ்க் என்று எண்ணுகிறது. பாய்ச்சலைத் தொடக்கிவைக்கும் முதற்படியை எண்ணுவதில்லை. என்-எய்ட்-என் (n8n) தளத்தின் கிளவுட் சேவை, ஒரு பாய்ச்சல் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியதை ஒன்றாகக் கொள்கிறது. நடுவில் ஐந்து படி இருந்தாலும் ஐம்பது படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பெரிய நிறுவனங்களுக்கான தளங்களில் கணக்கு வேறு மாதிரி. ஒரக்கிள் இன்டகிரேஷன் மணிக்கு 5,000 செய்திகள் என்ற பொதிகளாக விற்கிறது. இங்கே செய்தி என்பது குறுஞ்செய்தியல்ல, மென்பொருள்களுக்கிடையே ஒரு தடவையில் போகும் தகவல். எஸ்ஏபி இன்டகிரேஷன் சூட் செய்திகளை எண்ணுகிறது. மியூல்சொஃப்ட் நெடுங்காலம் வீகோர் என்ற செயலித்திறன் அலகில் விற்றது. பின்னர் பாய்ச்சல்களையும் செய்திகளையும் எண்ணும் முறையையும் கொண்டுவந்தது. பூமி என்ற பெயருடைய தளம் ஒன்று இருக்கிறது, எத்தனை மென்பொருள்களை இணைக்கிறீர்கள் என்ற இணைப்புகளின் எண்ணிக்கையே அதன் வழமையான அலகு. பெயரைக் கேட்டுத் தமிழர் தயாரிப்பு என்று ஒருவர் என்னிடம் வாதாடியதும் உண்டு. இல்லை, அமெரிக்கத் தயாரிப்புத்தான்.

ஒரே ஓடர் வெவ்வேறு மீற்றர்களில் எப்படித் தெரியும்?

கற்பனைக் கடையின் ஓர் ஓடரைப் பின்தொடர்வோம். ஓடர் வந்துசேர்கிறது, பணம் வந்ததா என்று சரிபார்க்கப்படுகிறது, எந்தக் கிளையிலிருந்து அனுப்புவது என்று தீர்மானிக்கப்படுகிறது, கணக்கியல் மென்பொருளில் ஒரு பதிவு விழுகிறது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல், ஊரிலுள்ள அம்மாவுக்குக் குறுஞ்செய்தி, விநியோகம் செய்யும் தம்பிக்கு ஓர் அறிவித்தல், கடைசியில் ஒரு பதிவேட்டுக் குறிப்பு. மொத்தம் எட்டுப் படிகள். இவற்றோடு, ஓடரிலுள்ள 12 பொருள்களுக்கும் ஒவ்வொன்றாக மூன்று வேலைகள்: களஞ்சிய இருப்பைக் குறைத்தல், கணக்கில் வரி எழுதுதல், கையிருப்பு குறைந்துவிட்டதா என்று பார்த்தல். அது 36 படிகள். ஆக ஓர் ஓடருக்கு 44.

படிகளை எண்ணும் மீற்றரில் இது மாதத்துக்கு 2,64,000. முழு ஓட்டத்தை எண்ணும் மீற்றரில் 6,000. செய்தியை எண்ணும் மீற்றரில், ஓடர் முழுவதும் ஒரே செய்தியாக வந்தால், அதுவும் 6,000 தான். டாஸ்க் எண்ணும் மீற்றரில் தொடக்கப் படியைக் கழித்து ஏறத்தாழ 2,58,000. உள்ளமைந்த சில படிகள் கணக்கில் சேராததால் இது சற்றுக் குறையலாம். கடை ஒன்று, வேலை ஒன்று, ஆனால் இலக்கம் நாற்பது மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆகவே "ஒரு செய்திக்கு இவ்வளவு, ஒரு படிக்கு இவ்வளவு" என்று இரண்டு விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலிவைத் தேடுவது, ஒரு கொத்து அரிசியின் விலையையும் ஒரு மூட்டை அரிசியின் விலையையும் ஒப்பிடுவதைப் போன்றது.

பெரிய இலக்கம் என்றால் பெரிய செலவு என்று பொருளா?

இல்லை. லொஜிக் அப்ஸின் பாவனைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வட்டாரங்களுக்கான அதன் பட்டியலில், உள்ளமைந்த படி ஒன்றுக்கு 0.000025 டொலர், அதுவும் மாதத்தின் முதல் 4,000 இலவசம். வெளிச்சேவையை அழைக்கும் வழமையான இணைப்பான் படி ஒன்றுக்கு 0.000125 டொலர். எட்டுப் படிகளில் நான்கு உள்ளமைந்தவை, நான்கு இணைப்பான்கள் என்று வைத்தால், 6,000 ஓடர்களுக்கு முதல் வகைக்கு அரை டொலரும் இரண்டாம் வகைக்கு மூன்று டொலரும் வரும். மூன்றரை டொலர்! பொருள் பொருளாகச் செய்யும் 36 படிகளும் இணைப்பான்களாக இருந்தால் அதற்கு 27 டொலர். மொத்தம் முப்பது டொலருக்குச் சற்று மேல். தரவைச் சேமித்து வைப்பதற்கான சிறு கட்டணம் இதற்குப் புறம்பு.

இதே 2,64,000 என்ற இலக்கத்தை, படி ஒன்றுக்கான விலை பல மடங்கு கூடிய ஒரு தளத்தில் போட்டால் கடையின் ஒரு மாத இலாபத்தையே அது தின்றுவிடக்கூடும். மலிவான அலகும் உண்டு, விலை கூடிய அலகும் உண்டு. விலை கூடிய அலகைக் கொண்ட தளங்கள் பெரும்பாலும் இலகுவாகப் பாவிக்கக்கூடியவை. நிரலாளர் இல்லாமலேயே கடை முதலாளியின் மகள் ஒரு பிற்பகலில் பாய்ச்சலை அமைத்துவிடலாம். அந்த இலகுத்தன்மைக்கும் சேர்த்துத்தான் அங்கே பணம் கொடுக்கிறீர்கள், அதில் தவறும் இல்லை.

பாய்ச்சலை மாற்றியமைத்தால் குறைந்த உரிமம் போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் இதை யாரும் விற்பனைக் கூட்டத்தில் சொல்வதில்லை. மேற்சொன்ன 27 டொலரைப் பாருங்கள். 12 பொருள்களையும் ஒரே பட்டியலாக்கி, அந்த மூன்று வேலைகளையும் ஓடருக்கு ஒவ்வொரு தடவை மாத்திரம் செய்தால், ஓர் ஓடருக்கு 36 படிகள் மூன்றாகின்றன; 27 டொலர் இரண்டேகால் டொலராகிறது. ஸேப்பியர் போன்ற தளத்தில் அதே மாற்றம் மாதத்துக்கு 1,98,000 டாஸ்குகளை மிச்சப்படுத்துகிறது, அதாவது பல படி கீழேயுள்ள திட்டத்துக்கு இறங்கிவிடலாம். இதற்குக் களஞ்சிய மென்பொருள் பட்டியலாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது உண்மைதான். ஏற்காவிட்டால், உரிமத்தை உயர்த்துவதற்கு முன்னர் அந்த மென்பொருளைச் செய்து தந்தவரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

செய்தியின் அளவும் கணக்கில் வருமா?

வரும், இதைத்தான் பலர் ஒப்பந்தத்தில் வாசிக்காமல் விடுகிறார்கள். எஸ்ஏபியில் ஒரு செய்தி என்பது 250 கிலோபைட் வரை; அதைத் தாண்டினால் ஒவ்வொரு 250 கிலோபைட்டும் மேலும் ஒரு செய்தி. ஒரக்கிளில் அந்த எல்லை 50 கிலோபைட். கடையின் முழு விலைப்பட்டியல் 3 மெகாபைட் கோப்பாக இருந்து, அதை அப்படியே உள்ளே அனுப்பினால், முதலாவதில் அது 13 செய்திகள், இரண்டாவதில் 62. மணிக்கொரு தடவை முழுப் பட்டியலையும் அனுப்பினால் பின்னையதில் நாளொன்றுக்கு 1,488. மாறிய விலைகளை மாத்திரம் அனுப்பினால் பெரும்பாலான மணித்தியாலங்களில் ஒரு செய்தியோடு முடிந்துவிடும்.

பொருள்களின் படங்களைச் செய்திக்குள்ளே வைத்து அனுப்பும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. மாம்பழப் படம் ஒன்று நான்கு மெகாபைட் இருக்கும். படத்தைச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, அதன் முகவரியை மாத்திரம் செய்தியில் அனுப்புங்கள்.

ஓடர் ஒன்றும் வராத நேரத்திலும் மீற்றர் ஓடுமா?

தளம் எப்படித் தகவலைப் பெறுகிறது என்பதில் அது தங்கியிருக்கிறது. இணையக்கடை தானாகவே தளத்தைக் கூப்பிட்டுச் சொல்லும் வெப்ஹூக் முறையில், ஓடர் வந்தால்தான் எண்ணிக்கை. அது இல்லாமல், "புதிய ஓடர் வந்ததா?" என்று தளம் நிமிடத்துக்கொரு தடவை எட்டிப்பார்க்கும் முறையில், 30 நாள் மாதத்தில் 43,200 தடவைகள் பார்க்கும். லொஜிக் அப்ஸ் வெறுங்கையோடு திரும்பிய பார்வையையும் எண்ணும். இணைப்பான் விலையில் அது 5.40 டொலர். மேக் என்ற தளமும் வெறும் பார்வையைத் தன் அலகில் ஒன்றாகக் கழிக்கிறது. ஸேப்பியர் எண்ணுவதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் 43,200 என்பது 2,880 ஆகிவிடும். சாவகச்சேரிக் கிளையின் நாளாந்த அறிக்கையை நிமிடத்துக்கொரு தடவை தேட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை, ஆனால் அப்படி அமைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பொங்கல், தீபாவளி, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாவனை பல மடங்காகிறது. அந்த உச்சத்துக்கு ஏற்றவாறு வாங்க வேண்டுமா?

இதுதான் யாழ்ப்பாணக் கடைகளுக்கு உரிமத் தேர்வில் மிகக் கடினமான இடம், ஆகவே சற்று நின்று பார்ப்போம். பொங்கலுக்கு முதல் மூன்று நாள்களை எண்ணிக்கொள்ளுங்கள். ரொறொன்ரோவில் இரவு எட்டு மணிக்கு, வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு மகன் ஓடர் போடும்போது, ஜனவரி மாதத்தில் இங்கே மறுநாள் காலை ஆறரை. இலண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பின்னிரவு ஒன்றரை. ஆக, கடையில் ஆளில்லாத நேரத்தில் இரண்டு உச்சங்கள் வருகின்றன. வழமையான நாளில் 200 ஓடர் வரும் கடைக்கு, அத்தகைய ஓர் உச்ச மணித்தியாலத்திலேயே 400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பாவித்த அளவுக்கு அறவிடும் திட்டத்தில் இது சிக்கலே அல்ல. அந்த நாளின் கட்டணம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். மாத ஒதுக்கீடுள்ள திட்டத்தில், ஒதுக்கீடு பொங்கலன்று தீர்ந்துபோனால் மாதத்தின் மிச்சம் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். மணிக்கு 5,000 செய்தி என்ற பொதியில் கணக்கு நுணுக்கமானது. இணையக்கடை ஓடரை ஒரே செய்தியாக அனுப்பினால் அந்த மணித்தியாலத்தில் 400 மாத்திரம். பொதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடருக்கு ஒன்றும், 12 பொருள்களுக்கு ஒவ்வொன்றுமாக 13 செய்திகளை அனுப்பினால் 5,200. பொதியைத் தாண்டிவிட்டது. அந்த 5,000 ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் தனித்தனியே பார்க்கப்படுமா, மாத மொத்தத்தில் பார்க்கப்படுமா என்ற கேள்விக்கு விற்பனையாளரின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏனெனில் மாத மொத்தத்தில் பார்த்தால் இந்தக் கடைக்கு ஒரு பொதியே மிதமிஞ்சியது.

எனது அபிப்பிராயம்: ஆண்டில் பத்துப் பதினைந்து நாள்களுக்காக ஆண்டு முழுவதும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஓடர்களை ஒரு வரிசையில் நிறுத்தி மெல்ல மெல்லப் பரிமாறும் ஏற்பாட்டைச் செய்துகொண்டால், பின்னிரவு ஒன்றரைக்கு வந்த ஓடர் மூன்று மணிக்குக் கணக்கில் ஏறினால் யாருக்கும் நட்டமில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் முதல் குறுஞ்செய்தியை மாத்திரம் வரிசையில் நிறுத்தாமல் உடனே அனுப்புங்கள். பணம் கட்டியவர் அதற்காகத்தான் விழித்திருப்பார்.

எல்லையைத் தாண்டினால் தளம் நின்றுவிடுமா, பில் ஏறுமா?

இரண்டும் உண்டு. சில தளங்கள் பாய்ச்சலை நிறுத்தி வைக்கும். சில, கூடிய விலையில் தொடர்ந்து ஓடவிடும். எது உங்களுக்கு ஆபத்து என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓடும் திட்டத்தில் ஒரு பிழை எவ்வளவு விரைவாகப் பணத்தைக் கரைக்கும் என்பதற்கு எனது சொந்தப் பிழையையே சொல்லலாம்.

ஒரு மொத்த வியாபாரிக்காக, விரிதாளில் ஒரு வரி மாறினால் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அதே வரியில் "அனுப்பப்பட்டது" என்று எழுதும் பாய்ச்சலை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அமைத்தேன். அந்த எழுத்தும் ஒரு மாற்றம்தானே. அது மறுபடியும் பாய்ச்சலை எழுப்பியது. பரிசோதனைக்காக அவருடைய சொந்தக் கைபேசி எண்ணைப் போட்டிருந்தேன். விடாமல் குறுஞ்செய்தி வரவே, கைபேசி பழுதாகிவிட்டது என்று நினைத்து அவர் அதை அணைத்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை நான் பார்த்தபோது மாத ஒதுக்கீடு முழுவதும் போயிருந்தது. நிறுத்திவிடும் திட்டமாக இருந்தபடியால் நட்டம் அந்த மட்டில் நின்றது. அதற்குப் பின்னர், எந்தத் தளமானாலும் செலவு எச்சரிக்கையை முதல் நாளே அமைத்துவிடுகிறேன்: ஒதுக்கீட்டில் பாதி போனதும் ஒரு மின்னஞ்சல், எண்பது வீதம் போனதும் இன்னொன்று.

தோல்வியடைந்த அழைப்பைத் தளம் தானாக மறுபடி முயலும்போது அந்த முயற்சிகளும் எண்ணப்படுமா என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

எங்களிடம் ஏற்கனவே மைக்ரோசொஃப்ட் 365 இருக்கிறது. பவர் ஓட்டோமேட் இலவசம்தானே?

பாதி உண்மை. 365 சந்தாவோடு வரும், பாய்ச்சல் அமைக்கும் கருவியான பவர் ஓட்டோமேட்டில் வழமையான இணைப்பான்களைப் பாவிக்கலாம்: அவுட்லுக், ஷெயார்பொயின்ட், எக்செல் போன்றவை. ஆனால் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளம், வேறொரு மென்பொருளை இணையவழியாக நேரடியாகக் கூப்பிடும் எச்டிடிபி அழைப்பு ஆகியவை பிரீமியம் வகை. களஞ்சிய மென்பொருளின் தரவுத்தளம் எஸ்கியூஎல் சேர்வரில் இருக்கும் கடைக்கு, அந்த முதல் இணைப்பிலேயே இலவசம் முடிந்துவிடுகிறது. பிரீமியம் உரிமத்தின் பட்டியல் விலை ஒரு பாவனையாளருக்கு மாதம் 15 டொலர். நாளாந்த எல்லையும் வேறுபடும்: 365 சந்தாவோடு வருவதற்கு ஒரு பாவனையாளருக்கு 6,000 கோரிக்கைகள், பிரீமியத்துக்கு 40,000.

"ஒரே ஒரு பிரீமியம் உரிமத்தை வாங்கி, பதினைந்து பேரின் வேலையையும் அந்தக் கணக்கின் ஊடாக ஓட்டிவிடலாமே" என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. மல்டிபிளெக்சிங் என்ற பெயரில் அந்த வழியை உரிம விதிகள் முன்கூட்டியே அடைத்திருக்கின்றன. நடுவில் ஒரு கணக்கை வைப்பதனால் தேவைப்படும் உரிமங்களின் எண்ணிக்கை குறையாது. மனிதர் எவரும் தொடாமல் தானாக ஓடும் பாய்ச்சலுக்குத் தனியான உரிம வகை இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளை எங்கள் கணினியிலேயே நிறுவினால் உரிமச் செலவே இல்லையல்லவா?

உரிமச் செலவு இல்லாமற்போகலாம், செலவு இல்லாமற்போகாது. அப்பாச்சி கமல் (Apache Camel) என்ற ஒருங்கிணைப்பு மென்பொருள் முழுமையாகத் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, யாரும் எதற்கும் பாவிக்கலாம். இலங்கையில் 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு மென்பொருளின் மூலநிரலும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. திருத்தங்களும் ஆதரவும் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். அந்நிறுவனம் வளர்த்தெடுத்த பாலெரினா நிரல்மொழியும் திறந்ததே. இவற்றைத் தெரிந்தவர்கள் நம்மவர்களிடையே இருக்கிறார்கள் என்பது சிறிய அனுகூலமல்ல.

ஆனால் பின்னிரவு ஒன்றரைக்கு ஓடர் உச்சத்துக்கு வருகிறது என்று சொன்னேன். அந்த நேரத்தில் கடையின் பின்னறையிலுள்ள கணினி நின்றுபோனால் யார் எழும்பிப் போவது? 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சொந்தக் கணினியில் நிறுவுவதானால் மின்கலம், மாற்று இணைய இணைப்பு, காப்புப்பிரதி, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடும் ஓர் ஆள் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எழுதுங்கள். மாதம் முப்பது டொலர் மிச்சப்படுத்துவதற்காக ஒருவருடைய நித்திரையைக் கெடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நாற்பது பாய்ச்சல்களும் இரண்டு நிரலாளர்களும் இருக்கும் நிறுவனத்துக்குக் கணக்கு மறுபக்கம் சாயும்.

நாங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு இந்தச் சேவையை வழங்கும் சிறிய ஐரி நிறுவனம். ஓர் உரிமத்தில் எல்லாரையும் வைத்திருக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. என்-எய்ட்-என் தளத்தைப் பாருங்கள்: மூலநிரல் எல்லாருக்கும் தெரியும், சொந்த நிறுவனத்தின் உள்வேலைக்கு நிறுவிப் பாவிப்பது இலவசம். ஆகவே அதைக் கட்டற்ற மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2022 முதல் அதன் உரிமம், அதையே ஒரு சேவையாகத் தொகுத்து மற்றவர்களுக்குக் கட்டணத்துக்கு விற்பதை அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளரின் சொந்த நிறுவலில் நீங்கள் போய்ப் பாய்ச்சல் அமைத்துக் கொடுத்து, உழைப்புக்குப் பணம் வாங்கலாம். உங்கள் சேர்வரில் பத்துக் கடைகளின் கடவுச்சொற்களையும் வைத்து, மாதக் கட்டணம் அறவிடுவதற்கு வேறு ஒப்பந்தம் தேவை. வணிகத் தளங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. பங்காளர் திட்டம் என்று தனியே ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள்.

உயர் பதிப்பை வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?

எந்த ஓர் இணைப்பானுக்காக அதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த இணைப்பான் உங்களுக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் பெரிய மென்பொருள்களுக்கான இணைப்பான்களும், ஒருவர் அனுமதித்த பின்னரே வேலையை அடுத்த படிக்கு நகர்த்தும் வசதிகளும் பொதுவாக மேற்பதிப்பில்தான் இருக்கும். திருநெல்வேலிக் கடைக்கு அவை தேவைப்படுவது அரிது.

பழைய உரிமம் இருந்தால் கழிவு கிடைக்குமா?

ஒரக்கிளில் அப்படி ஒரு வழி உண்டு: பொருத்தமான பழைய மென்பொருள் உரிமத்தைக் கொண்டுவருபவருக்கு ஒரு பொதி மணிக்கு 20,000 செய்திகள் என்ற கணக்கில் கிடைக்கிறது. வங்கிகளுக்கும் பெரிய கூட்டுத்தாபனங்களுக்கும் அது பயன்படும்.

பரிசோதனைச் சூழலுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். வீகோர் கணக்கில் விற்கப்படும் உரிமத்தில் உண்மையான பாவனைக்கு வேறு அளவு, பரிசோதனைக்கு வேறு அளவு என்று பிரிக்கப்பட்டிருக்கும். பாவனைத் திட்டங்களில் பரிசோதனையும் அதே மீற்றரில் ஓடும். பரிசோதனைச் சூழல் இல்லாமல் நேரடியாகக் கடையின் கணக்கில் முயன்று பார்ப்பதன் விலை என்னவென்று மேலே சொல்லிவிட்டேன்.

மாதாமாதம் கட்டுவதா, ஆண்டு ஒப்பந்தம் செய்வதா?

முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள். உண்மையான எண்ணிக்கை தெரிந்த பின்னர் ஆண்டு ஒப்பந்தத்தின் கழிவைப் பெறலாம். இலங்கையில் இருப்பவருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தாண்டியது. மாதம் 100 டொலர் பில், பாவனையில் ஓர் அலகும் கூடாமலேயே 20,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாயிற்று. மூன்றாண்டு டொலர் ஒப்பந்தத்தில் அகப்பட்டவர்களுக்கு அதைக் குறைக்கும் வழியே இருக்கவில்லை. பாவனைக் கட்டணத்தில் இருந்தவர்கள், நிமிடப் பார்வையைப் பதினைந்து நிமிடமாக்கி ஓரளவு தப்பினார்கள். ரூபாயில் பில் தரும் உள்ளூர் மீள்விற்பனையாளர் கிடைத்தால் சற்றுக் கூடிய விலையானாலும் கவனித்துப் பாருங்கள். ரூபாய் விலை எத்தனை மாதத்துக்கு மாறாது என்பதையும், 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதிசேர் வரி அதற்குள் அடங்குகிறதா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

தரவு எங்கே வைக்கப்படுகிறது என்பதற்கும் உரிமத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அம்மாவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் தனிப்பட்ட தரவு. சில மலிவான திட்டங்களில் வட்டாரத்தை, அதாவது தரவு மையம் இருக்கும் இடத்தை, தெரிவுசெய்யும் உரிமையே இருப்பதில்லை. அஸூருக்குச் சென்னையிலும், அமேசனுக்கு மும்பையிலும் வட்டாரங்கள் உண்டு. பக்கத்தில் இருப்பதால் வேகமும் கூடும். ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் விலை மாறும், எல்லாச் சேவைகளும் எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. ஓடிய பாய்ச்சல்களின் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். அந்தப் பதிவுக்குள்ளும் அம்மாவின் முகவரி இருக்கிறது.

விற்பனையாளரைச் சந்திக்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு கொப்பி. அதில் ஒரு மாதத்துக்கு, பாய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எத்தனை தடவை ஓடுகிறது, எத்தனை படி, உள்ளே பொருள் பொருளாகச் சுற்றும் வேலை உண்டா, ஒரு செய்தி எத்தனை கிலோபைட், ஆகக்கூடிய மணித்தியாலத்தில் எத்தனை. சுன்னாகத்தில் ஒரு கடை முதலாளி இதைக் காசாளர் பெண்ணைக் கொண்டு கோடு போட்டு எண்ணுவித்தார். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்து ஐந்தாக. அந்தக் கொப்பியை மேசையில் வைத்ததும், அதுவரை "உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு எண்டர்பிரைஸ்தான் சரி" என்று பேசிக்கொண்டிருந்த விற்பனையாளர், கணிப்பானை எடுத்தார்.

நாளொன்றுக்கு இருபது ஓடர்தான் வருகிறது. நாங்கள் எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாலையில் இணையக்கடையிலிருந்து ஓடர்களைக் கோப்பாக இறக்கி, கணக்கியல் மென்பொருளில் ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் முக்கால் மணித்தியாலமாகும் நாளில் மேலேயுள்ள கொப்பியைத் தொடங்குங்கள்.